டிர்டேயஸின் பாடல்கள்: களத்திலா, கூடாரத்திலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைக் கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் வீரர்கள், தங்கள் கவிஞர் டிர்டேயஸின் ஈரடிப் போர்ப்பாடல்களைப் பாடியபடியே எதிரியை நோக்கி நடந்தார்கள் என்று படித்தேன். மொழிபெயர்ப்பில் வாசித்தால் நடைப்பாட்டு மாதிரியே தெரியவில்லை. உட்கார வைத்துப் புத்தி சொல்வதுபோல் நீள்கிறது. உண்மையில் எங்கே பாடினார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஸ்பார்ட்டாவின் நடைப்பாட்டு அனபீஸ்ட் சந்தம்: இரண்டு குறுகிய அசை, ஒரு நீண்ட அசை. காலடிக்குப் பொருந்தி விழும். டிர்டேயஸின் ஈரடி யாப்பான எலிஜியோ முதலடியில் ஆறு சீர் ஓடி, அடுத்த அடியில் இரண்டரைச் சீரில் நின்று, மறுபடி இரண்டரைச் சீர் போகும். அந்த நிறுத்தத்தோடு அணி நடத்துவது சிரமம். குழலோடு, உட்கார்ந்து கேட்கிற பாட்டு இது.

சான்றுகளும் அப்படித்தான் சொல்கின்றன. கி.மு. 330இல் ஏதென்ஸ் பேச்சாளர் லைகர்கஸ், படையெடுப்பின்போது வீரர்களை அரசரின் கூடாரத்துக்கு அழைத்து இவற்றைக் கேட்க வைத்தார்கள் என்கிறார். ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் பிலோகோரஸ் தரும் செய்தி இன்னும் ருசியானது: இரவுச் சாப்பாடு முடிந்து ஒவ்வொருவராகப் பாடுவார்கள், படைத்தலைவர் தீர்ப்புச் சொல்வார், ஜெயித்தவருக்கு இறைச்சி பரிசு. எபேசஸ் நகரின் காலினஸ், இதே யாப்பில் போர்ப்பாட்டு எழுதிய இன்னொரு கிரேக்கக் கவிஞர், எத்தனை நாள் இப்படிப் படுத்துக் கிடப்பீர்கள் என்று இளைஞர்களைக் கேட்டே தொடங்குகிறார். சாய்ந்து படுத்து விருந்துண்ணும் கூட்டத்தை நோக்கிய ஏச்சு அது என்று படிக்கலாம். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

டிர்டேயஸின் பாடல்கள் துண்டுகளாகவே எஞ்சி, எண்ணிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் 11ஆம் துண்டை முதலில் எடுங்கள், 38 அடிதான். கால்களை அகட்டி ஊன்றி, உதட்டைப் பல்லால் கடித்து நில் என்கிறார். பிறகு காலோடு கால், கேடயத்தோடு கேடயம், தலைக்கவசத்தோடு தலைக்கவசம். இதை வைத்துப் பிற்கால நெருக்கமான அணியை அப்படியே கற்பனை செய்துவிடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல். அதே பாட்டில் கேடயம் தோள் முதல் கெண்டைக்கால்வரை மறைக்கிறது. அந்தப் பிற்கால அணியின் சுமார் 90 செ.மீ. வட்டக் கேடயத்தால் அது முடியாது. போதாததற்கு, இலகு ஆயுதக்காரர்கள் ஆங்காங்கே கேடயங்களுக்குப் பின்னால் பதுங்கிக் கல் எறிகிறார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அண்டை நாடான மெசேனியாவோடு ஸ்பார்ட்டா நடத்திய போரில் அணி அவ்வளவு இறுகவில்லையோ, அல்லது ஹோமரின் பழைய வரிகள் கலந்துவிட்டனவோ, இரண்டுக்கும் இடமுண்டு. படைப்பயிற்சிக் கையேடாக மட்டும் இதை வாசிக்காதீர்கள்.

10ஆம் துண்டு லைகர்கஸ் மேற்கோளாகத் தந்த 32 அடி. தோற்றால் ஊரைவிட்டுப் பெற்றோர், மனைவி, பிள்ளைகளோடு பிச்சையெடுத்து அலைய நேரும் என்பது முதல் பகுதியின் மிரட்டல். முன்வரிசையில் கிழவர் விழுந்து, இரத்தம் தோய்ந்த பிறப்புறுப்பைக் கையால் பொத்திக்கொண்டு கிடப்பது பின்பகுதி. 14ஆம் அடிவரை ‘நாம் போரிடுவோம்’ என்ற தொனி, 15இல் ‘இளைஞர்களே’ என்ற புது விளி. இரண்டு பாட்டுகள் ஒட்டிக்கொண்டன என்று பலர் கருதுவது இதனால்தான். பிரித்து வாசித்தால் இரண்டுமே நன்றாக நிற்கின்றன.