சரக்கொன்றையை வெட்ட வேண்டாம்: மகரந்தம் பற்றிச் சில கேள்விகள்

மாசி பிறந்தாலே தும்மல் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

மழை பெய்தால் காற்றில் மகரந்தம் அடங்கிவிடும்தானே? (விழுப்புரம்)

பெய்கிற வரைக்கும் அடங்கும். ஒரு மணி நேரம் விடாமல் பெய்தால் காற்றில் மிதப்பதில் பெரும்பகுதி தரைக்கு வந்துவிடும். நாலு தூறலுக்கு அந்தச் சக்தி கிடையாது. ஆனால் மழை விட்ட மறுநாள் வெயிலடித்தால் கவனமாக இருங்கள். ஈரத்தில் வாய் திறக்காமல் கிடந்த மகரந்தப்பைகள் எல்லாம் ஒரே நேரத்தில் காய்ந்து வெடிக்கும். இரண்டு மூன்று நாள் சரக்கு ஒரே காலையில் இறங்கும்.

பக்கத்தில் ஒரு மரம் பூத்திருக்கிறது. தும்மல் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

என்ன மரம், எந்த ஊர், எந்த மாதம்? மூன்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை. இப்படி வரும் கடிதத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியாது என்று முன்பும் எழுதியிருக்கிறேன். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

சவுக்குத் தோப்பை ஒட்டித் தினமும் நடக்கிறேன். எந்த நேரம் நல்லது? (மரக்காணம்)

பனி காய்வதற்கு முன்னால். சவுக்கு முழுக்க முழுக்கக் காற்றை நம்பும் மரம். கிளை நுனியில் செம்பழுப்பாகக் கதிர் கதிராகத் தெரிவதுதான் ஆண் பூ. விடியலில் அதைத் தட்டினால் கையில் ஈரம்தான் ஒட்டும். அதே கிளையை ஒன்பதரை மணிக்குத் தட்டிப் பாருங்கள், மஞ்சளாகப் புகை கிளம்பும். ஈரப்பதம் இறங்க இறங்கப் பை சுருங்கித் திறக்கிறது, அவ்வளவுதான். ஒரு துகள் சுமார் 30 மைக்ரான், தலைமுடியின் பருமனில் பாதிகூட இருக்காது. அதனால் இலேசான காற்றே தூக்கிக்கொண்டு போய்விடும்.

மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிட்டால் தொல்லை தோப்புக்கு மேற்கே இருப்பவர்களுக்குத்தான். மாலையில் நடப்பதானால் தோப்புக்குக் கிழக்கே, மணல் பக்கமாக நடங்கள்.

எங்கள் குடியிருப்பில் சரக்கொன்றை பூத்ததிலிருந்து பலருக்கு மூக்கடைப்பு. சங்கத்தில் வெட்டிவிடலாம் என்கிறார்கள். உங்கள் கருத்து? (கோவை)

வெட்டாதீர்கள். வருடத்துக்குப் பத்துத் தடவையாவது இந்தக் கேள்வி வருகிறது. ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

சித்திரை வெயிலில் ஒரு கொன்றை மரத்தடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். பெரிய கருவண்டு ஒன்று வரும். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டு 'விர்ர்' என்று உறுமும். அந்த அதிர்வில்தான் மகரந்தப்பையின் சின்னத் துளை வழியாகத் தூள் கொட்டுகிறது. வண்டு வந்து உலுக்கினால்தான் வெளியே வருகிற தூள், தெருவெல்லாம் பறக்கிற அளவுக்கு எங்கே இருக்கப்போகிறது? பளிச்சென்று பூக்கிற மரம் பூச்சியையும் பறவையையும் கூப்பிடுகிறது. காற்றை நம்புகிற மரத்துக்கு இதழே தேவையில்லை. அது பூத்திருப்பதையே நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கண்ணில் பட்ட மரம் பழியைச் சுமக்கிறது.

இலவம்பஞ்சு கதையும் இதுதான். மாடியெல்லாம் பறக்கிற அந்தப் பஞ்சு விதையோடு வருவது. அது மகரந்தமே இல்லை.

எங்கள் தெருவில் பூத்துக் குலுங்கிய மூன்று கொன்றைகளை இப்படித்தான் வெட்டினார்கள். நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் கேட்கவில்லை. மறு வருடமும் அதே வீடுகளில் அதே தும்மல். தெருக்கோடியில் காலிமனை நிறையச் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் மண்டிக் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. மூன்று மரமும் போனதுதான் மிச்சம். முதலில் ஒவ்வாமை மருத்துவரிடம் தோல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

மாமரத்தில் பூ நிறைய, பிஞ்சு இல்லை. காற்று போதவில்லையா? (கிருஷ்ணகிரி)

மாவுக்குக் காற்று பெரிதாக உதவாது, ஈக்கள்தான் வேலை செய்கின்றன. மொட்டு உருவாகும்போது இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் வீரியம் குறைந்துவிடும். அப்புறம் மூடுபனி வந்தால் சாம்பல் நோய் சேர்ந்துகொள்ளும். பூ விரிந்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். ஈயும் சேர்ந்து செத்துவிடும்.

இடி மழை வருமுன் எனக்கு மூச்சு முட்டுகிறது. பிரமையா? (மதுரை)

பிரமை இல்லை. 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழை அடித்த ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். அங்கே காரணம் மரமல்ல, ரை என்ற புல்லின் மகரந்தம். முழு மகரந்தத் துகள் பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். ஈரத்தில் உப்பி வெடித்தால் நூற்றுக்கணக்கான பொடித் துகளாகி நுரையீரல்வரை போகும். உங்களுக்குக் காரணம் எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மழைக்கு முன்னால் அந்தக் குளிர்ந்த காற்று வீசத் தொடங்கியதும் வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்துங்கள். இன்ஹேலர் எப்போதும் கையில் இருக்கட்டும்.

டோக்கியோவில் சில வருடம் மகரந்தம் கொட்டுகிறது, சில வருடம் குறைவு. ஏன்?

சென்ற கோடையைப் பாருங்கள். அங்கே மகரந்தம் கொட்டுவது சுகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரம். அதன் ஆண் மொட்டு முந்தைய ஜூலை வாக்கிலேயே உருவாகத் தொடங்கிவிடும். அந்த மாதங்கள் நல்ல வெயிலாகப் போனால் அடுத்த பிப்ரவரி, மார்ச் கடுமையாக இருக்கும். ஜப்பானில் பத்தில் நாலு பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலை மலையாக ஒரே மரத்தை நட்டதன் விளைவு.

துணியை மாடியில் காயப்போடலாமா? (கடலூர்)

போடலாம். சவுக்கு பூக்கிற வாரங்களில் தலையணை உறையையும் துண்டையும் மட்டும் வீட்டுக்குள் உலர்த்துங்கள். மழை விட்ட மறுநாள் எல்லாத் துணியையும்.