சேவைகளையும் வணிக ஒப்பந்தத்தில் சேர்த்தால் நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்குமா?

வளர்ந்த நாடுகளோடு செய்யும் வணிக ஒப்பந்தங்களில் சேவைகளையும் சேர்த்துக்கொண்டால் படித்த பிள்ளைகளுக்கு அங்கே வழி பிறக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு பிள்ளை தாதியோ பொறியியலோ படித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஒப்பந்தத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

நான் பொருளியல் படித்தவன் இல்லை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டிலிருந்தபடியே கியூ.எஸ். வேலை, அதாவது கட்டடத்துக்கு வேண்டிய பொருட்களை அளவிட்டுக் கணக்கிடும் வேலை, செய்கிறவன். ஐரோப்பிய நகரம் ஒன்றில் உள்ள கட்டட நிறுவனம் வரைபடங்களை அனுப்பும். எத்தனை கன மீட்டர் கொங்கிரீட், எத்தனை தொன் கம்பி என்று அளவெடுத்து பீ.ஓ.கியூ. என்ற அளவுப் பட்டியலைத் தயாரித்து அனுப்புவேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாத நாளில்கூட, நல்லூரில் ஜெனரேட்டர் வைத்திருந்த நண்பன் வீட்டுக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் வேலையை முடித்துக் கொடுத்தேன்.

உலக வணிக அமைப்பில் 1995 முதல் நடைமுறையில் இருக்கும் காட்ஸ் (GATS) என்ற சேவை வணிகப் பொது ஒப்பந்தம் சேவை வணிகத்தை 4 வழிகளாகப் பிரிக்கிறது. சேவை மட்டும் எல்லை தாண்டுவது, வாங்குபவர் சேவை இருக்கும் நாட்டுக்கு வருவது, நிறுவனம் வந்து கிளை திறப்பது, ஆள் நேரே போய் வேலை செய்து கொடுப்பது. நான் செய்வது முதலாம் வழி. என்னைக் காயப்படுத்தியது நான்காம் வழி.

2019இல் அந்த நிறுவனம் மூன்று மாதம் நேரே வந்து வேலைத்தளத்தில் நில் என்று அழைப்புக் கடிதம் அனுப்பியது. அம்மாவின் காணி உறுதி, பாங்க் புத்தகம், விவாகப் பதிவு, ஐந்து வருட விலைப்பட்டியல்கள் எல்லாம் ஒரு நீலப் பைலில் அடுக்கி விசாவுக்கு விண்ணப்பிக்க இரவு பஸ்ஸில் கொழும்பு போனேன். விடிய முகம் கழுவியது வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டில். மூன்று கிழமையில் பதில் வந்தது: நீர் திரும்பிப் போவீர் என்று எமக்குத் திருப்தி இல்லை. அன்றிரவும் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு நான்தான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை அந்தக் கட்டடத்தை நேரில் பார்க்கவில்லை.

அப்புறம்தான் காட்ஸை எடுத்து வாசித்தேன். ஆட்கள் நடமாட்டம் பற்றிய பின்னிணைப்பில் தெளிவாகவே இருக்கிறது: வேலை தேடிப் போவோருக்கும், குடியுரிமைக்கும், நிரந்தர வதிவுக்கும் இது பொருந்தாது. அடிக்குறிப்பு இன்னும் மோசம். சில நாட்டவரிடம் மட்டும் விசா கேட்பதால் மட்டும் ஒப்பந்தப் பலன் கெட்டதாகக் கொள்ள முடியாதாம். அந்த நிறுவனம் கொழும்பில் கிளை திறக்க மூன்றாம் வழி இருக்கிறது. எனக்கு மூன்று மாதம்கூட இல்லை.

ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரிக்க வேண்டாம். 2018இல் இலங்கை சிங்கப்பூரோடு செய்த ஒப்பந்தத்தைத் தொழில்முறைச் சங்கங்கள் எதிர்த்தபோது, வருகிறவன் வேலையைப் பறிப்பான் என்ற பயம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. நம் ஆள் போவதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களை நான் அதிகம் காணவில்லை. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு மட்டும் சேவைகளில் தனிச்சலுகை கொடுக்கலாம் என்று உலக வணிக அமைப்பில் 2011இல் முடிவானது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே அதுவும் நமக்கில்லை.

பிலிப்பைன்ஸ் தாதியரைப் பாருங்கள். ஜப்பானோடு செய்த ஒப்பந்தம் 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து அவர்களுக்குக் கதவைத் திறந்தது. ஆனால் அங்கே தாதியாக நிலைக்க, ஜப்பானிய மொழியிலேயே அரச பரீட்சை எழுதித் தேற வேண்டும். சொந்த ஊரில் பதிவுபெற்ற தாதியர் அதுவரை உதவியாளர் வேலைதான் பார்த்தார்கள். முதல் வருடங்களில் தேறியவர்கள் மிகக் கொஞ்சம்.

இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து இங்கே வீடு கட்டும் நம் சொந்தங்கள், "ஒரு எஸ்டிமேட்தானே தம்பி, போட்டுத் தா" என்பார்கள். இரண்டு இரவு கண்விழித்த வேலைக்கு ஒரு சொக்லேட் பெட்டி. அங்கே கியூ.எஸ்.ஸுக்கு மணிக்கணக்கில் காசு எண்ணிக் கொடுக்கிறவர்கள்தான் இவர்கள். அந்நியன் என் கணக்கில் பணம் போடுகிறான், மாமா போடவில்லை.

சரி, உங்கள் அலுவலுக்கு வருகிறேன். எந்த ஒப்பந்தம் வந்தாலும் அதன் சேவை நிரலில், அதாவது எந்தச் சேவைக்கு என்ன வாக்கு என்று எழுதிய பட்டியலில், நான்காம் வழிப் பத்தியைப் பாருங்கள். "அன்பவுண்ட்" என்று இருந்தால் அந்த நாடு எந்த வாக்கும் தரவில்லை என்று அர்த்தம். நிறுவனத்துக்குள் மாற்றலாகும் மேலாளர், நிபுணர் என்று மட்டும் இருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு அதில் இடமில்லை. பிள்ளையின் தொழிலின் பெயர் இருக்கிறதா, இங்கே எடுத்த தகைமையை அங்கே ஏற்பதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நாட்டுப் பதிவுச் சபையின் பரீட்சைக்கும் மொழிக்கும் இப்போதே படிக்கச் சொல்லுங்கள்.