சிம்னி பொகையில கரியமில வாயு பிடிக்க ஏன் இவ்வளவு ஸ்டீம்?

கேள்வி: அண்ணா, கொழிஞ்சாம்பாறை பக்கம் ரைஸ் மில்லுல உமி பாய்லர் பாக்குறேன். பொகையில இருக்கிற கரியமில வாயுவைத் தனியாப் பிடிச்சு எடுக்கலாம், ஆனா பாதி ஸ்டீம் அதுக்கே போயிரும்னு கோயமுத்தூர்ல படிக்கிற என் மச்சினன் சொல்றான். நெசமாங்களா? கொறைக்க வழி இருக்குங்களா?
- பாய்லர் ஆபரேட்டர், கொழிஞ்சாம்பாறை

பதில்: மச்சினன் சொன்னது சரிதான் தம்பி. பழைய முறையில பாதிக்கு மேலயே போகும். 1930லயே பேட்டன்ட் வாங்கின முறை இது. தண்ணியில அமீன்னு ஒரு கெமிக்கலைக் கலந்து உயரமான டவர்ல மேல இருந்து ஊத்துவாங்க, கீழ இருந்து பொகை ஏறும், 40, 50 டிகிரியில வாயு அந்தத் தண்ணியில ஒட்டிக்கும், இதுவரைக்கும் பெரிய செலவு ஒண்ணும் இல்ல. ஒட்டினதைப் பிரிச்சு எடுக்கத்தான் இன்னொரு டவர்ல 120 டிகிரி வரைக்கும் ஸ்டீம் வெச்சு சூடு பண்ணணும். கொதிக்க வைக்கிற கரைசல்ல 100க்கு 70 பங்கு வெறும் தண்ணி, அதையும் சேர்த்துத்தான காய்ச்சணும்? 1 டன் வாயுவுக்கு 1.6 டன் ஸ்டீம் கேக்கும். உங்க கணக்குல பாருங்க, 1 கிலோ உமி எரிஞ்சா 1.3 கிலோ பக்கம் வாயு வரும், கெடைக்கிற ஸ்டீமோ 3 கிலோ சொச்சம், அதுல 2 கிலோ இதுக்கே போச்சுன்னா நெல்லு எதுல அவிக்கிறது?

வழி நெறைய இருக்கு. புது வகை அமீன் கலவைகள் அதே வேலையை 1.2 டன் ஸ்டீமுக்குள்ள முடிக்குது. அப்புறம் 120 டிகிரியில வெளிய வர்ற கரைசலோட சூட்டை, உள்ள போற குளிர்ந்த கரைசலுக்கு ஏத்துற ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கே, அதைப் பெருசா வெக்கணும், ரெண்டுக்கும் நடுவுல 10 டிகிரி வித்தியாசம் நிக்கிறதை 5 ஆக்கினாலே ஸ்டீம் கொறையும். உங்க மாதிரி மில்லுக்கு எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. ரெண்டாவது டவர் உச்சியில வாயுவோட 100 டிகிரி கிட்ட ஆவியும் வரும், பெரிய பிளான்ட்ல அதைக் கூலிங் வாட்டர்ல கொட்டிடுவாங்க, உங்களுக்கோ நெல்லு ஊற வைக்க 60, 70 டிகிரி சுடுதண்ணி தினமும் வேணும், அந்தச் சூட்டை அங்க திருப்பிட்டா வீணே இல்லையே!

இதெல்லாம் காசு போட்டுச் செய்யறது. இன்னிக்கே செய்யக்கூடியது ஒண்ணு சொல்றேன். ஷிஃப்டுல நிக்கும்போது ஊதுபத்தி கொளுத்தி, பொகையை இழுத்து சிம்னிக்குத் தள்ளுற ஐடி ஃபேனுக்கு முன்னாடி இருக்கிற டக்ட் (பொகைக் குழாய்) ஜாயின்ட், உமி போடுற வாய், சாம்பல் கதவுன்னு ஒவ்வொண்ணா காட்டுங்க, பொகை உள்ள இழுத்துச்சுன்னா அங்க வெளிக்காத்து ஏறுது. காத்து ஏற ஏற கரியமில வாயு நீர்த்துப் போகும், நீர்த்துப் போனா டவரும் பெருசா வேணும், ஃபேன் கரண்டும் கூடும், வர்ற ஆக்சிஜன் அமீனையும் கெடுக்கும். அடைச்சீங்கன்னா வாயு பிடிச்சாலும் பிடிக்காட்டியும் உமி மிச்சம்.

பிடிச்சதை என்ன பண்றதுன்னு அடுத்து கேப்பீங்க. நம்ம தூத்துக்குடியில கரி பாய்லர் பொகையில இருந்தே பிடிச்சு சலவை சோடா பண்ற பிளான்ட் 2016ல வந்தது, வருசத்துக்கு 60,000 டன் வாயு பிடிக்கிற அளவு. பக்கத்துலயே உபயோகப்படுத்துறதால 100 பார் அழுத்தத்துக்கு மேல அமுக்கி பைப்புல அனுப்புற கரண்ட் செலவு அங்க இல்ல.

சிம்னியில ஆக்சிஜன் எத்தனை பர்சன்ட்னு மீட்டர் வெச்சுப் பாத்து, ஜாயின்ட் அடைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு நம்பரும் எழுதி அனுப்புங்க தம்பி, அடுத்த இதழ்ல கணக்குப் போட்டுச் சொல்றேன்.