பெரியவர்களுக்கான லெகோ செட்கள் இவ்வளவு விலை ஏறிய பிறகும் வாங்கலாமா?

பெட்டியைப் பிரித்து, அந்தக் குட்டி பிளாஸ்டிக் துண்டுகளைக் கோர்த்துக் கட்டுவதற்கென்றால் வாங்கலாம். பெட்டியை அப்படியே வைத்திருந்து பின்னால் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற எண்ணமிருந்தால் வேண்டாம். நீங்களும் என்னைப்போல மாதச் சம்பளக்காரர் போலத் தெரிகிறது; வீட்டில் யாரோ "பொம்மைக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டிருப்பார்கள்.

எனக்குக் குன்னூர். தாத்தா இங்கே ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். 2020இல் லெகோ 'முதலை' எஞ்சின் செட்டை வெளியிட்டது. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதையில் ஓடிய பழைய மின்சார எஞ்சினின் மாதிரி அது. நிஜ எஞ்சினைக் கட்டிய வின்டர்தூர் நகரத்துக் கம்பெனிதான் நம் மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களையும் செய்தது. இதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மறுவருடம் சீட்டுப் பணம் வந்ததும், வெளிநாட்டிலிருந்த மச்சானிடம் சொல்லி வரவழைத்தேன். 1,271 துண்டுகள், அமெரிக்க விலை 100 டாலர். பொங்கலுக்கு வந்த சின்ன மாமா, "இந்தக் காசுக்கு ஒரு கிராம் தங்கமாவது வாங்கியிருக்கலாம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. எஞ்சினை மேசைமேல் மெல்ல உருட்டிக் காட்டினேன். சக்கரங்களைக் கோர்த்த தண்டு ஏறி இறங்குவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

இனி விலை. 2023இல் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயில் வந்தது: 2,540 துண்டுகள், 300 டாலர். அதாவது துண்டுகள் இரண்டு மடங்கு, விலை மூன்று மடங்கு. டைட்டானிக் கப்பல் செட் 2021இல் வந்தபோது 630 டாலர், மறுவருடமே 680. ஒரு துண்டுகூடக் கூடவில்லை, அதே பெட்டி. நம் நாட்டிலோ பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70.

"எல்லா விலையும்தானே ஏறுகிறது" என்று யாராவது கீழே எழுதுவார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் அரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தின் பச்சை இலைக்கு அந்த ஏற்றம் ஏன் வரவில்லை? அப்பா தினமும் இலையை ஃபாக்டரியில் போட்டுவிட்டு வருகிறார். கிலோவுக்கு என்ன விலை என்பது மாதம் முடிந்த பிறகுதான் அவருக்கே தெரியும். உரம், பறிக்கும் கூலி எல்லாம் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். டென்மார்க்கில் லெகோ கம்பெனிக்காரர்கள் தங்கள் பெட்டிக்குத் தாங்களே விலை போடுகிறார்கள். தன் கையால் வளர்த்த இலைக்கு அப்பாவால் விலை சொல்ல முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஒவ்வொரு பெட்டியின் விலையைப் பார்க்கும்போதும் எனக்கு இதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, செட் வாங்குவதை நிறுத்திவிட்டேன். பழைய உதிரித் துண்டுகளை மட்டும் வாங்குகிறேன். 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு இன்றும் மாறவில்லை. அன்றைய துண்டு இன்றைய துண்டோடு கச்சிதமாகப் பொருந்தும். மலிவுப் போலிகள் இருக்கின்றனவே என்று கேட்காதீர்கள். ஒரு முறை வாங்கினேன், தண்டு சக்கரத்தில் நிற்கவே இல்லை. பெட்டியைப் பத்திரப்படுத்துவதும் எங்கள் ஊரில் நடக்காது. ஒரு மழைக்காலத்திலேயே அட்டையில் பூஞ்சை பிடித்துவிடும்.

உதிரிகளை வைத்து இப்போது எங்கள் மலை ரயிலைக் கட்டுகிறேன். தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டங்களை வரிசையாகப் பதித்து, எஞ்சினின் அடியில் பல்சக்கரம் வைத்திருக்கிறேன். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே இருப்பதுபோல 12 அடிக்கு 1 அடி ஏற்றம். எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும், நிஜத்தில் உள்ளபடியே. ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஏறிவிடுகிறது. இரண்டாவது பெட்டியை மாட்டினால் நான்காவது சட்டத்தின் இணைப்பில் பல் நழுவுகிறது. அந்த இடத்தில் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள பலகையைக் கொஞ்சம் இழைக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்க வேண்டும்.