சந்தை மாட்டுப் பால்: காய்ச்சினால் போதுமா?

கேள்வி: ஐந்து நாளைக்கு முன் சந்தையில் ஒரு கறவை மாடு வாங்கினோம். ‘மடியில் லேசாக வீக்கம் இருந்தது, ஊசி போட்டுச் சரியாகிவிட்டது’ என்றார் தரகர். பாலை நன்றாகக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. காசநோய், புரூசெல்லா கிருமிகள் கொதியில் அழிந்துவிடும். மடிநோய்க்குப் போடும் பெனிசிலின் வகை மருந்தோ பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொஞ்சம் உள்ளே போனாலும் தொந்தரவுதான். தயிர் உறைந்துவிட்டால் பால் நல்லது என்பதையும் நம்பாதீர்கள்.

எந்த மருந்து, கடைசியாக எப்போது போட்டார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரியவேண்டியது. எத்தனை நாள் பாலை விலக்கவேண்டும் என்று மருந்தின் சீட்டிலேயே இருக்கும். கடைசி ஊசியிலிருந்து எண்ணுங்கள், முதல் ஊசியிலிருந்து அல்ல. ஒரு காம்புக்குத்தான் மருந்து என்றாலும் நான்கு காம்புப் பாலும் ஆகாது.

தரகரைக் கேட்டால் ‘சத்து ஊசி’ என்பார். அவர் வாய்ச்சொல்லை விடுங்கள், காலிக் குப்பியையோ மருத்துவர் எழுதிய சீட்டையோ கேளுங்கள். முந்தின நாள் கறக்காமல் விட்டு மடியைப் புடைக்க வைப்பதும், வேறு மாட்டின் கன்றைப் பக்கத்தில் கட்டி ‘இப்போதுதான் ஈன்றது’ என்பதும் இதே ஆட்கள்தான். மாட்டின் காதில் எண் மாட்ட ஏற்பாடு இருக்கிறது; நேற்றுப் போட்ட ஊசி பல இடங்களில் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மருத்துவர் சீட்டில்லாமலே மருந்து கிடைக்கும்போது யார் எழுதிவைக்கப் போகிறார்கள்?

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மாடு அண்மையில் ஈன்றதாக இருந்தால் ‘ஊசியே போடவில்லை’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பால் வற்ற விடும்போது காம்பு வழியாக ட்யூப் மருந்து ஏற்றியிருக்கலாம். அது வாரக்கணக்கில் மடியில் தங்குவதற்கென்றே செய்தது. அதன் சீட்டில் பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும்: மருந்து ஏற்றி இத்தனை வாரம் ஆகியிருக்கவேண்டும், அதோடு ஈன்றபின் இத்தனை நாள் கழியவேண்டும். உதாரணமாக, சீட்டில் ஏழு வாரம் என்று இருந்து, மாடு ஐந்து வாரத்திலேயே ஈன்றுவிட்டால், ஈன்றபின் நாலு நாள் போதும் என்ற கணக்கு செல்லாது. மிச்ச இரண்டு வாரமும் சேரும். எனவே ஊசியைக் கேட்கிற அதே மூச்சில் ட்யூப் பற்றியும் கேளுங்கள்.

மருந்தின் பெயர் கிடைக்கவில்லையா? கால்நடை மருத்துவரிடம் மாட்டைக் காட்டி, பாலை மருந்து எச்சச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த மருந்தாக இருக்கலாம் என்று அவர் ஊகித்துச் சொன்னால்தான் சரியான சோதனை அமையும். எல்லா மருந்தையும் ஒரே சோதனை காட்டிவிடாது. முடிவு வரும்வரை கறப்பதை நிறுத்தாதீர்கள், பால் கட்டினால் மடிநோய் முற்றும். கறந்த பாலைக் கொட்டிவிடுங்கள். கன்றுக்கும் வேண்டாம், விற்கும் பாலோடும் சேர்க்கவேண்டாம். உங்கள் ஒரு வாளி பால் பெரிய தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். வீட்டில் வேறு மாடுகள் இருந்தால் புதியதைத் தனியாகக் கட்டி, கடைசியாகக் கறங்கள்.