ஐயாயிரம் வாட்ஸ் பெட்டியும் பத்தடி ஹோலும்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு ஒலிக் கருவிகள்

இம்முறை வன்னிப் பக்கமிருந்து வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஒரே விலையில் இரண்டு செற் பார்த்தேன். ஒன்றில் ‘5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்றும் மற்றதில் ‘2 x 30 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்.’ என்றும் போட்டிருக்கிறது. வீட்டுத்திட்ட வீடு, ஹோல் 10 அடிக்கு 12 அடி. எதை வாங்கலாம்?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: இரண்டாவதை. வீட்டிலுள்ள 13 அம்பியர் பிளக்கால் 230 வோல்ற்றில் 3000 வாட்ஸுக்கு மேல் எடுக்கவே முடியாது. பிறகு எங்கே இருந்து 5000 வரும்? பெட்டியைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் பாருங்கள். அடப்ரர் 12 வோல்ற், 3 அம்பியர் என்றால் பெருக்க 36 வாட்ஸ். உள்ளே போவது அவ்வளவுதான். வெளியே வருவது அதிலும் குறைவு. பி.எம்.பி.ஓ. என்பது ஒரு கணநேர உச்சத்தைச் சொல்லும் கணக்கு, அதற்கு ஒழுங்கான அளவுமுறை எதுவும் இல்லை. ஆர்.எம்.எஸ். என்பது தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு.

வாட்ஸைவிட ஸ்பீக்கரின் ‘சென்சிற்றிவிற்றி’ எண்தான் முக்கியம். ஒரு வாட்ஸ் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் என்பது அது. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று படுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஆகவே 91 டெசிபெல் ஸ்பீக்கரும் 30 வாட்ஸும் சேர்ந்து, 88 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 60 வாட்ஸ் கொடுத்த சத்தத்தையே தரும். உங்கள் ஹோலில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஓரிரு வாட்ஸே செலவாகும்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைப் போனில் கொண்டு போங்கள். ‘பேஸ் பூஸ்ட்’ (தாழ்ந்த ஒலியைக் கூட்டுவது) எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். மிருதங்கத்தின் தொப்பி ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறதா, எல்லாம் சேர்ந்து ஒரே ‘தொம்’ ஆகிறதா என்று கவனியுங்கள். பெட்டியின் பக்கத்தில் விரல் மொழியால் தட்டினால் தகரப்பேணி போல் ஒலிப்பதை வாங்கவேண்டாம்.

கேள்வி: நல்ல ஸ்பீக்கர் என்றுதான் வாங்கினோம். ஆனால் பேஸ் குமுறுகிறது, பாட்டின் சொற்கள் விளங்கவில்லை. சோகேஸின் மேல் இரண்டு மூலையிலும் வைத்திருக்கிறோம். சீமெந்துத் தரை, மேலே சீற். எங்கள் ஹோலும் 10 x 12 அடிதான்.
– புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: ஸ்பீக்கரில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு, வைத்த இடத்தில்தான் பிழை. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் சேர்ந்து பேஸை ஊதிப் பெருப்பிக்கும். சோகேஸின் கண்ணாடியும் கோப்பைகளும் கூடவே அதிரும். அதோடு 12 அடி நீளம் 48 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 48 அதிர்வு) அளவிலும் 10 அடி அகலம் 57 ஹேர்ட்ஸ் அளவிலும் தானாக முழங்கும். ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கிடையான தூரத்தின் இரு மடங்கால் பிரித்தால் இந்த எண் வரும். அந்த இரண்டு இடத்துச் சுரங்கள் மட்டும் குமுறுவதும் மற்றவை மெலிவதும் இதனால்தான்.

சோகேஸிலிருந்து இறக்குங்கள். 10 அடிச் சுவர்ப் பக்கமாக, பக்கச் சுவரிலிருந்து 2 அடி, பின்சுவரிலிருந்து 1 அடி விட்டு வையுங்கள். இரண்டுக்கும் இடையில் 6 அடி வரும். கேட்பவர் 7 அடி தள்ளி இருக்கலாம். எதிர்ச் சுவரில் முதுகு சாய்த்து இருக்கக்கூடாது, அங்கே பேஸ் மறுபடி கூடும்.

உயரமும் உண்டு. கூர்மையான ஒலி தரும் சிறிய ட்வீற்றர் காது மட்டத்தில் நிற்க வேண்டும். பாயில் இருப்பவரின் காது தரையிலிருந்து 70–75 சென்ரிமீற்றரில் இருக்கும், பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பவருக்கு 110 அளவில். 16 அங்குலச் சீமெந்துக் கல்லை நிமிர்த்தி வைத்தால் 40 சென்ரிமீற்றர். அதன்மேல் பெட்டியை வைத்தால் பாய்க்காரருக்குச் சரியாக வரும். கதிரை என்றால் பெட்டியின் முன்பக்கத்தின் கீழே பழைய செருப்பு றப்பர்த் துண்டை வைத்துச் சற்றே மேல்நோக்கிச் சரியுங்கள். கல் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பின்சுவரோடு கட்டிவிடுங்கள்.

இனிச் செய்தி வாசிப்பது போன்ற ஒரு தனிக் குரலைப் போடுங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவிலிருந்து வரவேண்டும். தலைக்குள்ளோ இரு பக்கமுமோ சிதறி வந்து, பேஸும் காணாமற் போயிருந்தால் ஒரு பெட்டியின் வயர் மாறிக் கிடக்கிறது. அம்பிளிபயரிலிருந்து வயரைக் கழற்றி, அதன் நுனியில் ஒரு 1.5 வோல்ற் பற்றரியை ஒரு நொடி மட்டும் தொடுங்கள். பற்றரியின் நேர்முனை பட்ட வயரே சிவப்புக்குரியது என்றால் வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) முன்னே தள்ளும். உள்ளே போனால் மாற்றிப் பூட்டுங்கள். இரண்டு பெட்டிக்கும் செய்யுங்கள்.

எதிரொலிக்குத் தடித்த பருத்தித் திரைச்சீலை, சுவரோரம் நிமிர்த்திய பஞ்சு மெத்தை, திறந்த தட்டில் மடித்த துணிகள் எல்லாம் உதவும். பாய் மட்டும் போதாது. அது மெல்லியது, கூர்மையான சத்தத்தைத்தான் கொஞ்சம் குறைக்கும். மழை சீற்றில் கொட்டும்போது அதோடு போட்டிக்குச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். எல்லையைத் தாண்டிய அம்பிளிபயர் அலையின் தலையை வெட்டிவிடும், அந்த வெட்டுண்ட அலைதான் ட்வீற்றரை எரிக்கும். ‘வாட்ஸ் குறைந்த அம்பிளிபயர்தானே, எரிக்காது’ என்று நினைத்து எரித்தவர்கள் ஏராளம்.

கேள்வி: மாமா ரொறன்ரோவிலிருந்து ஒரு ரிசீவர் (றேடியோவும் அம்பிளிபயரும் ஒன்றாக உள்ள பெட்டி) கொண்டுவந்து தந்தார். பின்னால் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ், 240 வாட்ஸ் என்று இருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா?
– மல்லாவி வாசகர்

பதில்: போதாது. செருகிய நொடியிலேயே பியூஸ் போகும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் உள் ரான்ஸ்போமரும் போகும். பின்பக்கத்தில் வோல்ற் மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கனடாவில் விற்பவற்றில் பெரும்பாலும் இருக்காது.

இல்லாவிட்டால் 230-ஐ 110 அல்லது 115 ஆக இறக்கும் ‘ஸ்ரெப் டவுன்’ ரான்ஸ்போமர் வேண்டும். லேபிளில் 240 வாட்ஸ் என்றால் 500 வி.ஏ. (வோல்ற் x அம்பியர்) எடுங்கள். கையில் தூக்கினால் கனக்க வேண்டும். பயணத்துக்கென்று உள்ளங்கை அளவில் விற்கும் ‘கொன்வேர்ட்டர்’ அயன்பெட்டி, முடி உலர்த்தி போன்ற சூடாகும் சாமான்களுக்கானது. அலையை வெட்டித் தருவதால் ரிசீவருக்கு ஆகாது. உள்ளூரில் சுற்றுவித்தால், ரிசீவரைப் பூட்டமுன் மல்ரிமீற்றரால் வெளிவரும் வோல்ற்றை அளக்கச் சொல்லுங்கள்.

60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ரான்ஸ்போமர் நமது 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். அதனால்தான் முழு 120-ஐ விட 115 அல்லது 110 நல்லது. மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், துணி விரிக்காதீர்கள். கரண்ட் லைனின் கடைசியில் இருப்பவர்களுக்கு மாலையில் 190 வோல்ற்றுக்கு இறங்கினால் இந்தப் பக்கமும் 95 ஆகும். ரிசீவர் தானே நின்றுவிடலாம். அது பழுதல்ல.

இன்னுமொன்று: அங்கத்தைய எஃப்.எம். 0.2 படியாக, 88.1, 88.3 என்று ஒற்றைத் தசமத்தில் நகரும். இங்கே இரட்டைத் தசமத்தில் உள்ள நிலையங்கள் அதில் சரியாக அகப்படாது. சில மொடலில் இதை மாற்றும் வழி கையேட்டில் இருக்கும். மாமா மறுபடி வரும்போது அம்பிளிபயர் உள்ளே இல்லாத வெறும் ஸ்பீக்கராகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கு வோல்ற் பிரச்சினையே இல்லை.

கேள்வி: எங்கள் காணிக்கு இன்னும் லைன் வரவில்லை. சோலர், 12 வோல்ற் பற்றரி, சின்ன இன்வேர்ட்டர். பழைய அம்பிளிபயரைப் போட்டால் ‘ஙீ’ என்று இரைகிறது.
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: மலிவான இன்வேர்ட்டர் படி படியான அலையைத் தருகிறது. ரான்ஸ்போமர் உள்ள அம்பிளிபயர் அதில் இரையும், சூடாகும். இன்வேர்ட்டரையே விட்டுவிடுங்கள். ரி.பி.ஏ. 3116 சிப் உள்ள ‘கிளாஸ் டி’ அம்பிளிபயர் போர்ட் ஒன்றைப் பற்றரியிலிருந்து நேரே ஓட்டலாம். 12 வோல்ற்றில் 4 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு ஏறத்தாழ 15 வாட்ஸ், 8 ஓம் என்றால் அதில் பாதி. எனவே 4 ஓம், 90 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஸ்பீக்கராகத் தேடுங்கள்.

பற்றரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 5 அம்பியர் பியூஸ் கட்டாயம். பியூஸ் போர்ட் பக்கம் இருந்தால் நடுவில் வயர் உரசித் தீப்பிடிப்பதைத் தடுக்காது. நேர், எதிர் மாறினால் போர்ட் அந்த நொடியே போகும். இந்தப் போர்ட்டில் இரு பக்க ஸ்பீக்கரின் கறுப்பு வயர்களை ஒன்றாக முடியவோ பற்றரி எதிர்முனையோடு தொடுக்கவோ கூடாது. நான்கு வயரும் தனித்தனியாகப் போகவேண்டும். 24 வோல்ற் சோலர் வைத்திருப்பவர்கள் இதை நேரே பூட்டாதீர்கள். சார்ஜ் ஏறும்போது 28 வோல்ற்றைத் தாண்டும், சிப்பின் எல்லை 26.

போனை அதே பற்றரியில் சார்ஜில் போட்டுக்கொண்டு வயரால் பாட்டுப் போட்டால் மெல்லிய கீச்சு வரும். சார்ஜரைக் கழற்றுங்கள் அல்லது புளூரூத்தில் போடுங்கள்.

கேள்வி: ஹோலில் ஒரு சோடி 8 ஓம் ஸ்பீக்கர் இருக்கிறது. விறாந்தைக்கும் ஒரு சோடி போட ஆசை. வயர் 15 மீற்றர் ஓடும். அம்பிளிபயரில் ‘4–8 ஓம்’ என்று இருக்கிறது.
– மாங்குளம் வாசகர்

பதில்: விறாந்தைக்கும் 8 ஓம் சோடியே வாங்குங்கள். பக்கத்துக்கு இரண்டு 8 ஓம் சமாந்தரமாகச் சேர்ந்தால் 4 ஓம், அம்பிளிபயர் தாங்கும். 4 ஓம் சோடி வாங்கினால் 2.7 ஆகும், மூன்றாவது 8 ஓமைச் சேர்த்தாலும் அதே கதை. சூடாகி நிற்கும், அல்லது எரியும்.

15 மீற்றர் என்றால் போக வர 30 மீற்றர் செம்பு. 1.5 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 0.35 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பரவாயில்லை. 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரில் ஒரு முழு ஓம் வந்துவிடும். வாங்கும்போது ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம், ஒரு அளவு பெரிதாக எடுக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவின் பழைய 8 அங்குல ஸ்பீக்கரின் ஓர ஃபோம் தொட்டால் உதிர்கிறது. திருத்தலாமா?
– நெடுங்கேணி வாசகி

பதில்: திருத்தலாம். வெக்கையும் ஈரமும் ஃபோமைத் தின்னும். காந்தமும் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளும் நன்றாகவே இருக்கலாம். முதலில் கூம்பின் இரு புறமும் விரல் வைத்துச் சமமாக அமுக்குங்கள். ‘கரகர’ என்று உரசினால் சுருள் கெட்டுவிட்டது, ஃபோமுக்குப் பணம் போடாதீர்கள்.

உரசாவிட்டால், கூம்பின் வெளி விட்டத்தையும் சட்டத்தின் உள், வெளி விட்டங்களையும் அளந்து அதற்கேற்ற ஃபோம் வளையம் எடுங்கள். பழையதையும் பசையையும் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். புதியதை முதலில் கூம்போடு வெள்ளைப் பசையால் ஒட்டி நன்றாகக் காயவிடுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். உடனே இறுகுவதால் நடுவுக்குக் கொண்டுவர நேரம் தராது. பிறகு சட்டத்தோடு ஒட்டும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பார்த்து, உரசாத இடத்தில் நிறுத்துங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஒன்றில் உதிர்ந்தால் மற்றதிலும் உதிரப்போகிறது, இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

கேள்வி: டிஷ் பெட்டியை அம்பிளிபயரோடு இணைத்தால் மட்டும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். எர்த் பின்னைக் கழற்றினால் நிற்கும் என்கிறார்கள்.
– முள்ளியவளை வாசகர்

பதில்: நிற்கும், ஆனால் ஒருநாள் பெட்டியைத் தொட்டவருக்கு அடிக்கும். எர்த்தைத் தொடாதீர்கள். டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. ரிவியிலோ பெட்டியிலோ ஒப்ரிகல் வழி இருந்தால் அதை எடுத்து, செற்றிங்ஸில் ஒலியை பி.சி.எம். என்று மாற்றுங்கள். ஒளியால் போவதால் மின்தொடுப்பே இல்லை. ஒலி உள்ளே வரும் எல்லா வயரையும் கழற்றிச் சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்த பிறகும் இரைந்தால், அம்பிளிபயர் உள்ளேயுள்ள பெரிய கப்பாசிற்றர்கள் தளர்ந்துவிட்டன. மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கேள்வி: முதிரைப் பலகை இருக்கிறது. அதில் 8 அங்குல வூஃபருக்குப் பெட்டி அடிக்கலாமா?
– துணுக்காய் வாசகர்

பதில்: கதவுக்கு வையுங்கள். முழுப் பலகை மாரியில் ஊதி வெயிலில் சுருங்கும், மூட்டு விட்டால் காற்று ஒழுகும். 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில் உள் அளவு 25 x 30 x 40 சென்ரிமீற்றர் வைத்தால் 30 லீற்றர். மூடிய பெட்டியாகப் பெரும்பாலான 8 அங்குலத்துக்கு அது நல்ல ஆரம்பம். முதிரையை முன் விளிம்புக்குச் சட்டமாக அடித்தால் அழகாக இருக்கும். உள்ளே இலவம்பஞ்சைச் சும்மா திணிக்காதீர்கள், தும்பு பறந்து சுருளுக்குள் போகும். துணிப்பையில் தைத்துப் போடுங்கள்.

கேள்வி: மாரி தொடங்கமுன் என்ன கவனிக்க வேண்டும்? கடற்கரையிலிருந்து கொஞ்சத் தூரம்தான்.
– முல்லைத்தீவு வாசகர்

பதில்: வயர் நுனிகள் பச்சை பிடித்திருந்தால் ஒரு அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவிப் பூட்டுங்கள். சத்தம் கூட்டும் குமிழ் கரகரத்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு கொன்ரக்ட் கிளீனர் அடித்து, இருபது முப்பது தடவை முழுச் சுற்றும் திருப்புங்கள்; காய்ந்த பிறகே கரண்ட். பெட்டியின் பின் ஓட்டைக்குள் ரோச் அடித்துப் பாருங்கள், குளவி மண்கூடு கட்டியிருக்கும்.

இடி மின்னலுக்குச் சுவிட்சை நிறுத்துவது போதாது. ட்ரிப் சுவிட்சும் பியூஸும் மின்னலை மறிக்கா. வானம் இருளும்போதே பிளக்கையும் டிஷ் கேபிளையும் இரண்டையுமே கழற்றுங்கள். பலர் பிளக்கை மட்டும் கழற்றுகிறார்கள். மின்னல் கேபிள் வழியே வந்து, ரிவியைத் தாண்டி அம்பிளிபயர் வரை போகிறது.