முதுகில் தூக்கிப் போகும் படகு: எதை வாங்குவது, எங்கே இறக்குவது?

கோபிப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வாரக் கடைசியில் மலையேறுகிறவர், வெள்ளியங்கிரி ஏழெட்டு முறை போய் வந்தவர், அடுத்த கோடையில் லடாக்கில் ஒரு நீண்ட நடைக்குத் திட்டம் வைத்திருக்கிறார். ஆன்லைனில் மூன்று காற்றுப் படகுகளைக் குறித்து வைத்திருக்கிறாராம். ஒன்று 4,000 ரூபாய், ஒன்று 35,000, மூன்றாவது வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் லட்சத்தைத் தாண்டும். "மூணுமே முதுகில் தூக்கலாம்னுதான் போட்டிருக்குதுங்க. அப்புறம் எதுக்கு விலையில இவ்வளவு வித்தியாசம்? வாங்கினா பவானிசாகர்லயோ ஆத்துலயோ இறக்கிப் பழகிக்கலாமுங்களா?" என்று கேட்கிறார்.

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது தம்பி. இரண்டாவதற்குப் பதில் தெரியாமல் முதலாவதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் படகை எடை பார்த்தோ விலை பார்த்தோ வாங்கக் கூடாது, எந்தத் தண்ணீரில் இறக்கப் போகிறோம் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இருந்தாலும் துணியிலிருந்தே தொடங்குகிறேன், நம் ஊர்க்காரர்களுக்கு அது சுலபமாகப் புரியும்.

4,000 ரூபாய்ப் படகு பிவிசி ஷீட்டில் செய்தது. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் ஏறி விளையாட அது போதும். மடித்து மடித்துப் பையில் திணித்தால் மடிப்பு விழுந்த இடத்திலேயே நாளாக ஆக வெடிப்பு விடும், கூரான கல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் கிழிந்துவிடும். மலையேறுகிறவர்கள் தூக்கிப் போகும் படகுக்கு பேக்ராஃப்ட் என்று தனிப் பெயரே இருக்கிறது. அது நைலான் துணி, அதன் மேல் டிபியு என்கிற வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் பூச்சு. திருப்பூர், சோமனூர் பக்கத்து ஆட்களுக்கு டீனியர் என்றால் விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு, அது நூலின் கனத்தைச் சொல்லும் அளவு, எண் கூடக் கூட நூல் தடிமன். சுற்றியிருக்கும் குழாய்க்கு 210 டீனியர், பாறை உரசும் அடிப்பாகத்துக்கு 420 அல்லது 840 டீனியர் இருந்தால் ஆற்றுக்குத் தாங்கும். 70, 75 டீனியர் துணியில் ஒரு கிலோவை ஒட்டிய எடையில் வரும் படகுகளும் இருக்கின்றன. அவை ஒரு ஏரியைக் கடந்து அக்கரையில் இறங்கி நடையைத் தொடர்கிறவர்களுக்கு. கல்லும் முள்ளும் இருக்கிற இடத்துக்கு அவை ஆகாது. எனவே விற்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, குழாய் எத்தனை டீனியர், அடி எத்தனை டீனியர். இதற்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் 35,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம்.

எடைக் கணக்கையும் முழுசாகப் போடுங்கள். ஆற்றுக்கு ஆகிற படகு மட்டும் இரண்டரையிலிருந்து மூன்றரை கிலோ வரும். நான்கு துண்டாகக் கழற்றிப் பையில் செருகுகிற துடுப்பு சுமார் ஒரு கிலோ, லைஃப் ஜாக்கெட் அரை கிலோவுக்கு மேல், ஒட்டுப் போடும் சாமானும் காற்றடிக்கிற பையும் சேர்த்துக் கால் கிலோ. ஆக சுமார் ஐந்து கிலோ. விளம்பரத்தில் படகின் எடையை மட்டும்தான் போடுவார்கள். கூடாரம், சாப்பாடு, தூங்கும் பை எல்லாவற்றோடும் இந்த ஐந்து கிலோவைத் தூக்கி ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், வீட்டில் அரிசியைப் பையில் கட்டிப் போட்டுக்கொண்டு நடந்தாலும் சரி.

காற்றடிக்கப் பம்பு எதுவும் வேண்டாம். உரச்சாக்கு அளவுக்கு ஒரு மெல்லிய நைலான் பை வரும். அதன் வாயை விரித்துக் காற்றைப் பிடித்து, வாயைச் சுருட்டி அமுக்கினால் அடிமுனையில் திருகியிருக்கும் வால்வு வழியாகக் காற்று படகுக்குள் இறங்கும். பத்துப் பதினைந்து தடவை இப்படி அமுக்கிவிட்டு, கடைசி இறுக்கத்தை வாயால் ஊதிக் கொடுப்பார்கள். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கரையில் வெயிலில் கிண்ணென்று ஊதிய படகைத் தண்ணீரில் போட்டதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும், படகு தொளதொளவென்று ஆகிவிடும். தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து மறுபடி ஊத வேண்டும். இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். தண்ணீரில் இறுக்கமாக இருந்த படகைக் கரையேற்றிச் சூடான பாறையில் விட்டால் காற்று விரியும். என் முதல் படகை அப்படித்தான் இழந்தேன். சித்திரை மாதம், உச்சி வெயில், சாப்பிட்டு வரலாமென்று பாறை மேல் விட்டுப் போனேன், திரும்பி வந்தபோது தையல் ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. கரையேறியதும் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, நிழலில் போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இந்தப் பழக்கம் கட்டாயம்.

இந்தப் படகு ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1840களிலேயே பீட்டர் ஹால்கெட் என்ற இங்கிலாந்துக் கடற்படை அதிகாரி, ரப்பர் பூசிய துணியில், மேலங்கியாகப் போட்டுக்கொண்டு நடக்கவும் தேவைப்பட்டால் ஊதிப் படகாக்கவும் ஒன்றைச் செய்தார். கைத்தடி துடுப்பாகும், குடை பாயாகும். ஜான் ரே என்ற பயணி அதை ஆர்க்டிக் பகுதிக்குக் கொண்டுபோய் உபயோகித்தார். அப்புறம் 1982இல் அலாஸ்காவில் நடந்த ஒரு நெடுந்தூர நடைப் போட்டியில் டிக் கிரிஃபித் என்ற மூத்த மனிதர், மற்றவர்கள் ஆற்றைக் கண்டு தயங்கி நின்ற இடத்தில் பையிலிருந்து ஒரு சின்னக் காற்றுப் படகை எடுத்து விரித்தார். 2000 வாக்கில் அதே அலாஸ்காவில் ஷெரி டிங்கி என்ற அம்மா, தன் மகன் நீண்ட நடையில் கொண்டுபோன படகு தாங்கவில்லை என்பதால் தையல் மெஷினில் உட்கார்ந்து நல்லதொன்றைத் தைக்கத் தொடங்கியதுதான் அல்பக்கா ராஃப்ட் நிறுவனம். இன்றைக்கு வருகிற பெரும்பாலான படகுகளுக்கு அந்த வடிவம்தான் முன்மாதிரி.

நம் பரிசல்காரரும் வேறென்ன செய்கிறார்? மூங்கில் சட்டமும் மேலே தோலோ பிளாஸ்டிக்கோ போர்த்திய பரிசலைக் கவிழ்த்துத் தலையிலும் முதுகிலும் போட்டுக்கொண்டு, தண்ணீரில் இறங்கின இடத்துக்குக் கரையோரமாகவே நடந்து திரும்புகிறார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆமை நடந்து போவது போலிருக்கும். பரிசல் தன்னையே சுற்றும் என்பது தெரியுமல்லவா, பேக்ராஃப்டும் குட்டையானது, அடியில் நேராகப் பிடிக்க ஒன்றும் கிடையாது, ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டும். பெரிய வீச்சாகப் போடாமல் படகை ஒட்டிச் சின்னச் சின்னதாகப் போட்டால் நேராகப் போகும். துடுப்பு நீளம் 200 முதல் 220 செ.மீ. போதும்.

சரி, இனி தண்ணீர்.

பவானிசாகர் வேண்டாம். அணையில் அனுமதியில்லாமல் இறங்க முடியாது என்பது ஒன்று. மாயாறு பக்கக் கரை முழுக்கக் காடு, சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 2013இல் அறிவிக்கப்பட்டது, வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம். அதற்கும் மேல் மாயாற்றிலும் அணையிலும் முதலை உண்டு. அமராவதி அணையிலும் உண்டு, முதலைப் பண்ணையே பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் காட்டுக்குள் இருக்கும் தெங்குமரஹாடா ஊர்க்காரர்கள் காலங்காலமாக மாயாற்றைப் பரிசலில் கடந்தார்களே என்று கேட்கலாம். அவர்களுக்கு அந்த ஆற்றின் ஒவ்வொரு மடுவும் தெரியும், நமக்குத் தெரியாது.

ஆற்றைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: கொங்கு நாட்டில் ஆறு மழை பெய்யாமலே ஏறும். பில்லூர் அணையில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் மேட்டுப்பாளையத்தில் பவானி வானம் வெளுத்திருக்கும்போதே திடுதிப்பென்று உயரும். முழங்கால் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் நடுப்பாறையில் மாட்டி உயிர் விட்டிருக்கிறார்கள், வருடா வருடம் கேட்கிற செய்தி இது. மூன்று கிலோ படகை வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தை எதிர்த்துத் துடுப்புப் போட முடியாது. நீங்கள் போகப் போகும் லடாக்கிலும் ஆறு தினமும் ஏறி இறங்கும், ஆனால் அங்கே ஏற்றுவது வெயில், பனி உருகி மதியத்துக்கு மேல் பெருகும், அதனால் விடிகாலையிலேயே கடந்துவிடுவார்கள். இங்கே ஏற்றுவது ஷட்டர், அதற்கு வெயில் நேரம் மழை நேரம் கிடையாது.

காவிரியில் மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை, வெண்டிபாளையம் என்று கதவணைகள் வரிசையாக இருக்கின்றன. கதவணைக்கு மேல்புறம் தண்ணீர் தெப்பம் போல் நின்றிருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஷட்டர் பக்கம் இழுப்பு இருப்பது மேலே தெரியாது. கொடிவேரி மாதிரித் தடுப்பணைகளின் கீழே இன்னொரு ஆபத்து: விழுகிற தண்ணீர் அடியில் போய்த் திரும்பி அணையை நோக்கியே சுழலும், அதற்குள் சிக்கினால் படகையும் ஆளையும் உருட்டிக்கொண்டே இருக்கும், வெளியே தள்ளாது. எந்த அணையானாலும் அதற்கு வெகு முன்னாலேயே கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போக வேண்டும். தூக்கிப் போகத்தானே இதை வாங்குகிறோம்.

கீழ்பவானி வாய்க்காலில் ஒருநாளும் இறங்க வேண்டாம். 200 கி.மீ. போகிறதே, மிதந்துகொண்டே போகலாமே என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கான்கிரீட் போட்ட இடங்களில் பக்கச் சரிவில் கை பிடிக்க ஒன்றும் கிடையாது, மதகுகளில் இழுப்பு பயங்கரம். பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக்குட்டையும் அப்படித்தான், விழுந்தால் வழுக்கி வழுக்கி ஏறவே முடியாது.

பிறகு எங்கே பழகுவது? முதலில் தெரிந்தவர் தோட்டத்துக் கிணற்றில், படி இருக்கிற கிணறாக. நாமெல்லாம் சுரைப்புருடையை முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய அதே மாதிரிக் கிணறுதான். வாய்க்காலில் தண்ணீர் விட்டு ஊற்று ஏறிய சமயத்தில், மேலே ஒரு ஆள் கயிறோடு நிற்க, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, நிமிர்த்தி, தண்ணீரிலிருந்தே மறுபடி ஏறிப் பழகுங்கள். முதல் நாள் ஏற முடியாது. படகின் ஓரத்தைப் பிடித்துக் கால்களை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து உதைத்து, வயிறு படகின் மேல் படும்படி சறுக்கி ஏற வேண்டும், நிமிர்ந்து நின்று ஏறப் பார்த்தால் படகு தலைமேல் வந்துவிடும். பத்துத் தடவை தொடர்ந்து ஏற முடிகிற வரை வேறு தண்ணீருக்குப் போகாதீர்கள். படகையும் உங்களையும் கயிற்றால் கட்டிக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம், ஓடும் தண்ணீரில் அந்தக் கயிறே ஆளை அமுக்கிவிடும். பெரும்பாலான பேக்ராஃப்ட்களில் காற்றறை ஒன்றே ஒன்றுதான், அது போனால் மொத்தமும் போயிற்று. ஆகவே 50 நியூட்டன் மிதப்பு உள்ள லைஃப் ஜாக்கெட் உடம்போடு இருக்க வேண்டும், கட்டி மாட்டியபடி. பையில் இருந்து பிரயோஜனமில்லை.

அடுத்து பூலாம்பட்டி. நெரிஞ்சிப்பேட்டைக்கு அக்கரை இக்கரையாக மோட்டார் படகில் ஆளும் பைக்கும் கடக்கிற இடம். நின்ற தண்ணீர், எப்போதும் ஆள் நடமாட்டம். அங்கே படகுக்காரர்களிடம் முதலில் பேசி, இறங்கலாமா, இன்றைக்குத் தண்ணீர் எப்படி, வலை எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் கரையோரமாகப் போய் வரலாம். மீன் வலை துடுப்பில் சிக்கினால் வெட்டப் பார்க்காதீர்கள், அது ஒருவருடைய பிழைப்பு, மெதுவாகப் பின்னால் போய் எடுங்கள். ஒகேனக்கலோ பூலாம்பட்டியோ, பரிசல்காரரும் படகுக்காரரும் இறங்காத நாளில் நாமும் இறங்கக் கூடாது, இதில் விலக்கே இல்லை.

பருவம் முக்கியம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற நம் ஊரில் மூன்று கிலோ படகு என்ன ஆகும்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வருகிற காற்று, உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, படகைக் காகிதம் போலத் தள்ளிக்கொண்டு போகும், எவ்வளவு துடுப்புப் போட்டாலும் கரை வராது. கரையில் ஊதி வைத்த படகே பறந்து போகும், பையை உள்ளே போட்டுத்தான் நகர வேண்டும். தை, மாசியில் காலை ஆறரைக்கு இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறுவதுதான் நான் செய்வது. கரையில் சீமைக்கருவேல முள் இருக்கிறதா என்று பார்க்காமல் படகை விரிக்காதீர்கள். குத்திவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துக் காய வைத்து, டிபியு ஒட்டுப்பட்டை போட்டு அமுக்கினால் ஐந்து நிமிட வேலை. டிபியு படகில் இது ஒரு பெரிய வசதி.

லடாக்கைப் பொறுத்தவரை, ஜான்ஸ்கார் மாதிரி ஆறுகள் அனுபவமுள்ள குழுவோடு மட்டும். பனித் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் சில நிமிடத்தில் கை கால் சொன்னபடி கேட்காது, அதற்கு உலர் உடை என்று தனியாக இருக்கிறது, அதன் விலையும் படகு விலையை நெருங்கும். இந்த முதல் பயணத்துக்குப் படகைக் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆக லட்ச ரூபாய்ப் படகுக்கு இப்போது அவசரமில்லை, 4,000 ரூபாய்ப் படகு வேண்டவே வேண்டாம். அந்த 35,000 ரூபாய்ப் படகின் குழாய் டீனியர், அடி டீனியர், மொத்த எடை, தையல் சூட்டில் ஒட்டியதா பட்டை போட்டதா என்ற நான்கையும் கேட்டு எழுதுங்கள் தம்பி. பணம் கட்டும் முன் பார்த்துச் சொல்கிறேன்.